மினோரி வரைந்த வானம்

கணினியில் வாசிக்கிற 'விஷுவல் நொவல்' கேம்களைச் செய்த மினோரி என்ற ஜப்பானியக் கொம்பனி இனிப் புதிதாக எதையும் தயாரிக்கப்போவதில்லை என்று 2019 பெப்ரவரி கடைசியில் அறிவித்தது. ரொரன்ரோவில் இருக்கும் கூட்டாளிதான் முதலில் எங்களுக்குச் செய்தி அனுப்பினான். "மச்சான், மினோரி பூட்டுறாங்களாம்." அவ்வளவுதான். எங்கள் வட்சப் குழுவில் ஒருவன் லண்டன், ஒருவன் ரொரன்ரோ, நானும் இன்னொருவனும் கொழும்பு. வழக்கமாக கிரிக்கெட்டும் பகிடியுமாக ஓடும் குழு அது. அன்று இரவு முழுக்க மினோரியைப் பற்றித்தான் கதைத்தோம். ஆளாளுக்குப் பழைய ஸ்கிரீன்ஷொட்களைத் தேடியெடுத்துப் போட்டோம், பாட்டுகளைப் போட்டோம். லண்டன்காரன் வேலை முடிந்து வந்து குரல்பதிவு ஒன்று அனுப்பத் தொடங்கினான். பாதியில் தொண்டை அடைத்துவிட்டது. "பிறகு கதைக்கிறன்" என்று நிறுத்திவிட்டான்.

இப்போது இதை எழுதக் காரணம் என்னோடு வேலை செய்யும் தம்பி. நான் வெள்ளவத்தையில் கலியாண வீடியோ எடிட் செய்கிறவன். தம்பி எனக்கு உதவிக்கு இருக்கிறான், நல்ல கைவாகு. அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன் படங்களின் இயக்குநர் மகோட்டோ ஷின்காய் என்றால் அவனுக்கு உயிர். 'யுவர் நேம்' படத்தின் எந்தக் காட்சியில் வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். போன கிழமை வேலைக்கு நடுவில், ஷின்காய் தொடக்கத்தில் கேம்களுக்கு ஓப்பனிங் வீடியோ செய்தவர் என்று சொன்னேன். "எந்தக் கொம்பனி அண்ணா?" என்று கேட்டான். மினோரி என்றேன். அப்படி ஒரு பெயரை அவன் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு அது பெரிய கவலையாகப் போய்விட்டது. அவன் தினமும் ரசிக்கிற அந்த வானத்தின் ஒரு பகுதி மினோரியின் காசில் வரையப்பட்டது. அவனுக்காகவும் அவனைப் போன்றவர்களுக்காகவும்தான் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மினோரியின் கேம்கள் ஜப்பானில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்ற முத்திரையோடு விற்கப்பட்டவை. இதைக் கேட்டதும் நம் ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அந்தத் துறையில் முகம் சுளிக்க வேண்டியவை நிறையவே இருக்கின்றன, அதைப் பற்றியும் கீழே எழுதுகிறேன். ஆனால் நாங்கள் மினோரியைத் தேடிப் போனது அந்த முத்திரைக்காக இல்லை. கணினியில் இப்படிக் கதை சொல்லும் சிறிய கொம்பனிகளுக்கு அன்றைய ஜப்பானில் சந்தை பெரும்பாலும் அந்த முத்திரையின் கீழ்தான் இருந்தது. அவர்களின் மிகப் பெரிய ஆக்கமான 'ஈஎஃப்' பிளேஸ்டேஷன் 2-க்கு அந்தப் பாலியல் காட்சிகள் இல்லாமலே வந்தது. தொலைக்காட்சியில் அனிமேயாகவும் வந்தது. கதையில் ஒரு நூல்கூட அறுந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் காட்சிகள் முதலிலிருந்தே இல்லாமல் இருந்திருந்தாலும் நான் ஒன்றையும் இழந்திருக்க மாட்டேன்.

மினோரி 2001-ல் தொடங்கியது, கொமிக்ஸ் வேவ் என்ற நிறுவனத்தின் ஒரு கிளையாக. முதல் கேம் 'பிட்டர்ஸ்வீட் ஃபூல்ஸ்'. கதை நடப்பது இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தில். ஃபல்கொம் என்ற கேம் கொம்பனியில் ஓப்பனிங் வீடியோக்கள் செய்துகொண்டிருந்த ஷின்காய் அந்த வேலையை விட்டதும் அதே வருஷம்தான். வேலையை விட்டு, வீட்டிலிருந்த தன் கணினியில் ஏறத்தாழத் தனியாளாக ஒரு 25 நிமிடப் படம் செய்தார். 2002-ல் வந்த 'வோய்சஸ் ஒஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார்' அதுதான். இசை தென்மோன். அவரும் ஃபல்கொமில் இருந்தவர். படத்தை வெளியே கொண்டுவந்தது கொமிக்ஸ் வேவ். அதனால் ஷின்காயும் தென்மோனும் மினோரிக்கு வேலை செய்தது இயல்பாகவே நடந்தது. 'விண்ட்' 2002-ல், 'ஹாரு நோ அஷியோட்டோ' 2004-ல், 'ஈஎஃப்' இரண்டு பாகமாக 2006-லும் 2008-லும். எல்லாவற்றுக்கும் ஓப்பனிங் வீடியோ ஷின்காய். 2007-ல் '5 சென்ரிமீற்றர்ஸ் பெர் செக்கண்ட்' வந்து உலகமே உருகியபோது, அந்த வானமும் பியானோவும் மினோரி ரசிகர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவை.

ஓப்பனிங் வீடியோ என்பது ஒரு பாட்டின் நீளம்கூட இல்லை. கேமைத் திறந்ததும் ஓடும், பிறகு பலர் அதைத் தட்டிவிட்டுப் போவார்கள். ஒரு சிறிய கொம்பனி அதற்கு இவ்வளவு மினக்கெட வேண்டிய தேவையே இல்லை. நான் எடிட்டிங் படித்தது அந்த வீடியோக்களில்தான். 'ஈஎஃப்' முதல் பாகத்தின் ஓப்பனிங்கை, 'யூக்யூ நோ த்சுபாசா' பாட்டோடு, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் ஒன்று விளங்கும். தாளம் விழும் இடத்தில் வெட்டுவது எந்த எடிட்டருக்கும் தெரிந்தது. இதில் பல இடங்களில் வெட்டு சற்று முந்தி வருவதாக எனக்குப் பட்டது. படம் மாறி, கண் புதிய இடத்தில் போய் உட்கார்ந்த பிறகு தாளம் வந்து விழும். அப்போது அந்த அடி காதில் மட்டும் விழாது, பார்த்துக்கொண்டிருக்கும் முகத்தின் மேலும் விழும்.

இதைத்தான் நான் தாலி கட்டும் இடத்தில் செய்கிறேன். ஐயர் கையைத் தூக்கி மேளகாரருக்குச் சைகை காட்டுவார், கெட்டிமேளம் தொடங்கும். எல்லோரும் அந்த இடத்தில் தாலியைத்தான் காட்டுவார்கள். நான் ஐயரின் கை எழும்பும்போதே வெட்டி, பொம்பிளையின் அம்மாவுக்குப் போய்விடுவேன். அவர் முகத்தில் இரண்டு மூன்று ஃபிரேம் இருந்த பிறகுதான் மேளம் வெடிக்கும். போன ஆவணியில் ஒரு குடும்பம் வீடியோவை வாங்கிக்கொண்டு போய் அடுத்த நாள் போன் எடுத்தது. பொம்பிளையின் அம்மா கதைத்தார். "தம்பி, நான் அழுததை ஆர் கண்டது எண்டு நினைச்சன்" என்றார். அந்த அம்மாவுக்கு மினோரி தெரியாது. எனக்கு அந்த நிமிஷம் மினோரிதான் ஞாபகம் வந்தது.

விஷுவல் நொவல் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது வாசிக்கிற கேம். பின்னணியில் ஒரு படம், முன்னால் கதாபாத்திரம், கீழே எழுத்து. குரல் உண்டு, இசை உண்டு. அங்கங்கே ஏதாவது ஒரு வழியைத் தெரிவுசெய்ய வேண்டும். மற்றக் கொம்பனிகளின் கேம்களில் கதாபாத்திரம் பெரும்பாலும் பாஸ்போட் படத்துக்கு நிற்பதுபோல நேரே உங்களைப் பார்த்து இடுப்பளவில் நிற்கும். ஐந்தாறு முகபாவம், இரண்டு மூன்று உடுப்பு, அவ்வளவுதான். 'ஈஎஃப்'-ல் ஆட்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். பக்கவாட்டில் இருந்து கதைப்பார்கள். திரையின் மூலையில் சின்னதாக ஒரு உருவம், மீதி முழுக்க வானம். ஒவ்வொரு காட்சிக்கும் கமராவை எங்கே வைப்பது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அதற்கு எத்தனை படம் மேலதிகமாக வரைய வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். வாங்குகிறவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை. அவர்களாகவே செய்தார்கள்.

'ஈஎஃப்' கதையை முழுதாகச் சொல்லமாட்டேன். அதில் வரும் சிஹிரோ என்ற பெண்ணின் ஞாபகம் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தங்காது. விபத்துக்கு முந்தியவை மட்டும் இருக்கும். அதனால் ஒவ்வொரு நாளும் நடந்ததை நாட்குறிப்பில் எழுதிவைத்து, அடுத்த நாள் அதை வாசித்துத்தான் தன் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வாள். ஆளில்லாத பழைய ஸ்டேஷனில் புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பவளை ரென்ஜி என்ற பையன் சந்திக்கிறான். அவளுக்கு ஒரு கதை எழுதி முடிக்க வேண்டும் என்று ஆசை. நேற்று எழுதியது இன்று ஞாபகமில்லாத ஒருத்தி ஒரு நாவலை எப்படி எழுதி முடிப்பாள்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மினோரி அவசரப்படாமல் மணிக்கணக்கில் கதை சொல்கிறது. கண்ணீருக்காக வலிந்து எதையும் செய்யாது. அவள் ஒவ்வொரு நாளும் எழுதிய வரிகளை வாசிக்க வாசிக்க, அதில் எது அவளுக்கு இன்னும் சொந்தம் என்று நாமே தடுமாறத் தொடங்கிவிடுவோம்.

நாங்கள் முதலில் பார்த்தது கேமை இல்லை, அனிமேயைத்தான். ஷாஃப்ட் ஸ்டூடியோ, ஷின் ஓனுமாவின் இயக்கம், 2007 ஒக்டோபரில் தொடங்கிய பன்னிரண்டு பாகம். எலிசா பாடிய தொடக்கப் பாட்டுக்கும் இசை தென்மோன். கூட்டாளியின் அண்ணா ஒருவர் கம்பஸில் யாரிடமோ வாங்கி, டிவிடியில் எழுதிக்கொண்டு வந்தார். 2008 தொடக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தோம்.

அதன் ஏழாவது பாகத்தில் மியாகோ என்ற பெண் ஒரு பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்து ஒருவனுக்குக் கதைக்கிறாள். அவன் எடுக்கவில்லை. பதிவுக்குப் பதிவு விட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் சொல்லும் சொற்கள் எழுத்தாகத் திரையை நிறைக்கத் தொடங்கும். படம் போய்விடும், எழுத்து மட்டும் இருக்கும். குரல் உடையும். வேறு எந்த அனிமேயிலும் இப்படியொரு காட்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டிலும் போனுக்குக் காத்திருந்தோம். பெரியம்மா குடும்பம் கிளிநொச்சிப் பக்கம், போருக்கு நடுவில். யாராவது வவுனியாவுக்கு வந்தால்தான் ஒரு கோல் வரும். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பாதை பூட்டினால் அதுவும் இல்லை. அம்மா குசினிக்குள் வேலை செய்தாலும் காது ஹோலில் இருக்கும் போனில்தான் இருக்கும். கொழும்பிலும் லேசான காலமில்லை. சோதனைச்சாவடி, பொலிஸ் பதிவு, இரவில் ரவுண்ட் அப். காலி வீதியில் இறங்கினால் பெடியங்கள் கையில் ஐடென்ரி கார்ட் இல்லாமல் நடக்க ஏலாது. அப்படி ஒரு நாளில் அந்த ஏழாவது பாகத்தைப் பார்த்தோம். முடிந்த பிறகு யாரும் அடுத்ததைப் போடச் சொல்லவில்லை. அம்மா வந்து எட்டிப்பார்த்து, "என்னடா அந்தப் பிள்ளை இப்படி அழுகுது, ஆருமே போனை எடுக்கேல்லையோ?" என்று கேட்டார். ஜப்பான் மொழி அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. நானும் "இல்லையம்மா" என்று மட்டும் சொன்னேன்.

பெரியம்மாவின் குரலை நாங்கள் திரும்பக் கேட்டது 2009-ல், அவர்கள் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாமுக்கு வந்த பிறகு.

அதே 2009-ல்தான் மினோரி தன் இணையத்தளத்தை ஜப்பானுக்கு வெளியே இருப்பவர்களுக்கு மூடியது. காரணத்தைச் சொல்ல வேண்டும். இல்யூஷன் என்ற வேறொரு கொம்பனி 2006-ல் பாலியல் வன்முறையையே விளையாட்டாக்கி ஒரு கேம் செய்திருந்தது. அது வெளிநாடுகளில் தெரியவந்து 2009-ல் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. பெண்கள் அமைப்புகள் கண்டித்தன. ஜப்பானிலேயே துறையின் கட்டுப்பாட்டு அமைப்பு அப்படிப்பட்ட கேம்களுக்குத் தடை போட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். இல்யூஷன் 2023 ஓகஸ்டில் மூடப்பட்டபோது எங்கள் குழுவில் யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் அந்தப் புயலில் மினோரி கதவைச் சாத்திக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து போனால், சில வெளிநாட்டவர்களுக்கு இந்த வகைக் கேம்கள் மேல் வெறுப்பு இருப்பதுபோல் தெரிகிறது, ஆகவே ஜப்பானுக்கு வெளியே பார்க்க முடியாது என்ற கருத்தில் தட்டுத்தடுமாறிய இங்கிலிஷில் ஒரு அறிவிப்பு மட்டும் வரும். உலகமெல்லாம் இருந்த ரசிகர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு அதை வாசித்தபோது கோபம் வரவில்லை. பயந்துபோன ஒருவன் எழுதிய வரிகளாகத்தான் தெரிந்தது. அந்த வருஷம் எங்களுக்குப் பயந்த ஆட்களின் எழுத்து நன்றாகவே அடையாளம் தெரியும்.

அந்தக் கதவைத் திறந்தது ரசிகர்கள். நோ நேம் லூசர்ஸ் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட ஒரு குழு 'ஈஎஃப்'பை இங்கிலிஷில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது. சம்பளம் இல்லை, அனுமதி இல்லை. கடைசியில் அவர்களின் மொழிபெயர்ப்பே அதிகாரபூர்வப் பதிப்பானது. மங்காகேமர் என்ற விற்பனையாளர் வழியாக முதல் பாகம் 2012-லும் இரண்டாம் பாகம் 2013-லும் வெளிவந்தன. மூன்று வருஷம் முந்தி வெளியாட்களுக்குக் கதவைச் சாத்திய கொம்பனி, வெளியாட்கள் சும்மா செய்த வேலையை மதித்து ஏற்றுக்கொண்டது. மினோரியைப் பற்றி நான் பெருமைப்படும் விஷயங்களில் இது ஒன்று.

முதல் பாகத்தை நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம். அப்போது டாலர் 130 ரூபாய்க்குக் கிட்ட. என்னிடம் கார்ட் இல்லை. கொழும்புக் கூட்டாளி வங்கியில் புதிதாகச் சேர்ந்திருந்தான், அவன் பெயரில் ஒரு கார்ட் இருந்தது. ஆளுக்குப் பாதி. இறக்கி முடிய இரவாகிவிட்டது. அதன் பிறகு ஒரு மாதம் வேலை முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டு, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு வாசிப்பதுதான் என் பொழுது. அனிமே கதையைச் சுருக்கித்தான் தந்திருந்தது. கேமில் சிஹிரோவும் ரென்ஜியும் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் விடும் நேரம்கூடக் கணக்கோடு வைக்கப்பட்டிருந்தது.

'ஈடன்' பற்றியும் சொல்ல வேண்டும், அது 2009-ல் வந்தது. வானத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் தோன்றுகிறது. நூறு வருஷத்தில் பூமி அழியும் என்று தெரிகிறது. மனிதர்கள் எல்லாம் விண்கப்பலேறிப் போகிறார்கள். அந்தக் கப்பல்களைச் சாத்தியமாக்கிய விஞ்ஞானியும் அவளுக்குக் காவலாக வந்த ஒரு படைவீரனும் போகாமல் பின்தங்குகிறார்கள். சண்டை, சதி எல்லாம் கதையின் முதல் பகுதியோடு முடிந்துவிடும். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமே நடக்காது. வீடு திருத்துகிறார்கள், தோட்டம் போடுகிறார்கள், சமைக்கிறார்கள். அழியப்போகிற பூமியில் இரண்டு பேரின் சாதாரண நாட்கள். லண்டன்காரனுக்கு மினோரியில் இதுதான் பிடித்தது. அவன் வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இன்னும் பருத்தித்துறையில். பிள்ளைகள் எல்லோரும் வெளியே. எத்தனை தரம் கூப்பிட்டாலும் அவர்கள் போகமாட்டார்கள். முருங்கையும் மாட்டுக்கொட்டிலும் கிணறும் இருக்கிறதாம். "ஈடன் எங்கட வீட்டுக் கதை மச்சான்" என்று அவன் அடிக்கடி சொல்வான்.

ஏன் மூடினார்கள் என்பதில் எங்கள் குழுவுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. வங்கியில் இருப்பவன் கணக்குப் பேசுவான். கணினியில் பெட்டியாக வாங்கி வாசிக்கும் கூட்டம் ஜப்பானிலேயே வருஷாவருஷம் குறைந்தது, இளம் ஆட்கள் போனுக்குப் போனார்கள் என்பான். உண்மைதான். இதே துறையில் இருந்த டைப்-மூன் என்ற கொம்பனி 2015-ல் 'ஃபேட் கிராண்ட் ஓடர்' என்ற போன் கேமால் எங்கேயோ போய்விட்டது. 'கிளனாட்' என்ற கேமைச் செய்த கீ என்ற பிராண்டின் தாய்க் கொம்பனியை 2023-ல் சீனாவின் டென்சென்ட் வாங்கியது. தொண்ணூறுகளில் இந்தத் துறையின் அடையாளமாக இருந்த எல்ஃப் மினோரிக்கு முன்பே போய்விட்டது. போனுக்கு மாறத் தெரிந்தவர்களும், பெரிய கை பிடித்தவர்களும் தப்பினார்கள். "ஒரு கேமுக்கு இவ்வளவு படம், இவ்வளவு வீடியோ. ஆர் கேட்டது? எப்பிடித் தாங்கும்?" என்பது அவனுடைய முடிவு.

இதில் நான் அவனோடு ஒத்துப்போகமாட்டேன். செலவைக் குறைத்து, ஆட்களை நேரே நிற்கவைத்து, வானத்துக்கு ஒரு நீலத்தைப் பூசி, வருஷத்துக்கு இரண்டு கேம் தள்ளியிருந்தால் மினோரி இன்னும் சில வருஷம் இருந்திருக்கலாம். அப்படி எத்தனையோ கொம்பனிகள் இருந்தன. அவற்றின் பெயர் எங்களுக்கு ஞாபகம் இல்லை. லண்டன்காரனுக்குத் தொண்டை அடைத்தது, யாரும் கேட்காமல் அவர்கள் வரைந்த அந்த மேலதிகப் படங்களுக்காகத்தான். எங்கள் தொழிலிலும் இதே கதைதான். கலியாண வீட்டுக்காரர் டிரோன் கேட்பார்கள், பெரிய கிரேன் கேட்பார்கள், சினிமாப் பாட்டுக் கேட்பார்கள். பொம்பிளையின் அம்மாவின் முகத்தில் இரண்டு ஃபிரேம் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அதற்காக ஒரு கமராவை அந்தப் பக்கமே நிறுத்திவைக்கிறேன், ஒரு ஆளுக்கு மேலதிகச் சம்பளம் கொடுக்கிறேன். தம்பி முதலில் இதைக் கேட்டு, "நட்டம் அண்ணா" என்றான். இப்போது அவனே அந்தக் கமராவைப் பிடிக்கிறான்.

எனக்கு உண்மையான வருத்தம் 'சுப்பிபாரா'வில் இருக்கிறது. ஐந்து அத்தியாயமாகத் திட்டமிட்ட கதை. இரண்டுதான் வெளிவந்தன. மீதியையும் எப்படியாவது செய்ய வேண்டும் என்று 2015-ல் கிக்ஸ்டார்ட்டர் வழியாக வெளிநாட்டு ரசிகர்களிடம் காசு திரட்டினார்கள். முதல் இரண்டு அத்தியாயமும் இங்கிலிஷில் வருவதற்கு அந்தக் காசு போதுமாக இருந்தது. மூன்றாவதைத் தொடங்க அது எட்டவில்லை. ரொரன்ரோக்காரனும் அதில் காசு போட்டவன். அப்போது அவன் இரவு வேலைக்குப் போய்க்கொண்டு படித்துக்கொண்டிருந்தான், கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டாவது அத்தியாயம் முடியும் இடத்தில் கதை அப்படியே நிற்கிறது. இனி யாரும் அதை எழுதப்போவதில்லை. மினோரி மூடிய செய்தி வந்த இரவு அவனிடம், "உன்ர காசு போச்சேடா" என்று வங்கிக்காரன் கேட்டான். அவன் வெகுநேரம் பதில் போடவில்லை. பிறகு, "ரெண்டு அத்தியாயம் வந்திச்சுத்தானே. நாங்கள் போடாட்டி அதுவும் வந்திராது" என்று எழுதினான். மினோரிக்கு இப்படிப்பட்ட ரசிகர்கள் இருந்தார்கள். அதை எங்காவது எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு அன்றிலிருந்தே இருந்தது.

ஷின்காய் எங்கேயோ போய்விட்டார். அவர் படம் இப்போது கொழும்புத் தியேட்டருக்கே வருகிறது. மினோரிக்காக வருஷக்கணக்கில் பின்னணி வரைந்தவர்கள், உருவங்களுக்கு நிறம் பூசியவர்கள், இரவில் இருந்து கோட் எழுதியவர்கள், இவர்களின் பெயர்கள் கேம் முடிந்ததும் ஓடும் பட்டியலில் மட்டும் இருக்கின்றன. நான் அந்தப் பட்டியலைத் தட்டிவிடாமல் கடைசிவரை பார்ப்பேன். தம்பிக்கும் அதைத்தான் சொன்னேன்.

அவன் இப்போது பார்க்கத் தொடங்கிவிட்டான். வேறு யாருக்காவது ஆசை இருந்தால், 'ஈஎஃப்' அனிமேயில் 2007-ல் வந்த 'மெமரீஸ்' முதலில், 2008-ல் வந்த 'மெலடீஸ்' பிறகு. மாற்றிப் பார்க்காதீர்கள், இரண்டாவதில் வரும் யூகோவின் கதை முதலாவதைப் பார்த்தவர்களுக்குத்தான் முழுதாக விளங்கும். பிறகு கேம், இரண்டு பாகமும் வரிசையாக. 'ஈடன்' எப்போது வேண்டுமானாலும் வாசிக்கலாம், ஆனால் ஒரு லீவு நாளில் காலையிலேயே தொடங்குங்கள். 'சுப்பிபாரா' கடைசியில். ஹெட்போன் கட்டாயம் வேண்டும், லப்டொப் ஸ்பீக்கரில் தென்மோனின் பியானோ பாதி கேட்காது.